நாலாம் நம்பரில் மட்டும் ஓடிய ஏசி ஃபேன்: எங்கள் ஊர் அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

கத்திரி வெயில் நேரம். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக வள்ளியூருக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். பின்சீட்டில் எழுபத்து மூன்று வயது அம்மா. நாங்குநேரியை நெருங்கும்போது ஏசி காற்று பொசுக்கென்று நின்றுவிட்டது. ஃபேன் குமிழை 1, 2, 3 என்று திருப்பினேன், சத்தமே இல்லை. 4-இல் வைத்ததும் புயல் மாதிரி அடித்தது. கொஞ்ச நேரம் 4, முகத்தில் அறைகிறது என்று அம்மா சொன்னால் நிறுத்தம், வேர்த்ததும் மறுபடியும் 4. கல்யாண வீடு போய்ச் சேருவதற்குள் அம்மாவுக்குத் தலைவலியே வந்துவிட்டது. அந்த வருத்தத்தில்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் போன கடையில், “கேஸ் கொறஞ்சிருக்கும் அண்ணாச்சி, அடிச்சிருவோம்” என்றார்கள். நானும் சரி என்றேன். கேஸ் அடித்த பிறகும் 1, 2, 3 ஓடவில்லை. எப்படி ஓடும்? கேஸ் காற்றைக் குளிர வைப்பதற்கு, காற்றைத் தள்ளுவது புளோயர் மோட்டார். இரண்டும் வேறு வேறு. பக்கத்தில் இருக்கும் வெப்பக் குமிழைச் சூட்டுப் பக்கம் திருப்பிப் பார்த்திருந்தால் வீட்டு வாசலிலேயே எனக்கு இது புரிந்திருக்கும். என் வண்டியைப் போன்ற சாதாரணக் கார்களில் ஏசிக்கும் ஹீட்டருக்கும் ஒரே ஃபேன்தான். ஹீட்டரிலும் அதே மூன்று வேகங்கள் செத்துக் கிடந்தால் கோளாறு ஃபேன் பக்கம் என்று அர்த்தம், கேஸ் மேல் பழி போட வேண்டாம்.

குறைந்த வேகங்கள் போய் முழு வேகம் மட்டும் ஓடினால் பெரும்பாலும் ரெசிஸ்டர்தான். மோட்டாருக்குப் போகும் கரண்ட்டைக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவது அது. 4-இல் வைக்கும்போது கரண்ட் அதைத் தொடாமல் நேரே மோட்டாருக்குப் போய்விடும், அதனால்தான் அது மட்டும் தப்பிக்கிறது. குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இரண்டு ஸ்குரூவில் நிற்கும் சின்னச் சாமான். மாற்றினேன், எல்லா வேகமும் வந்தது. இரண்டே மாதத்தில் திரும்பவும் போனது. இன்னொன்று வாங்கிப் போட்டேன். அதுவும் போனது.

மூன்றாம் தடவை, டவுனில் ஒரு வயதான எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் ரெசிஸ்டரை எடுத்துப் பார்க்கவே இல்லை. முதலில் ஏசி ஃபில்டரை உருவினார். கறுத்துப்போய், மடிப்புக்கு மடிப்பு வேப்பம்பூவும் சருகும் செம்மண்ணும். எங்கள் வீட்டு வாசலில் பெரிய வேம்பு, வண்டி வருஷக்கணக்காக அதன் நிழலில்தான் நிற்கிறது. பங்குனி சித்திரையில் பூ கொட்டினால் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற காற்றுச் சந்து நிரம்பிவிடும். நான் வெளியே மட்டும்தான் பெருக்கித் தள்ளியிருக்கிறேன்.

அப்புறம் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டி 4-இல் ஓட விட்டார். 24 ஆம்பியர். கையில் இருந்த புது மோட்டாரை அதே வண்டியில் மாட்டினார், 15. பழையதைக் கழற்றிக் கையால் சுற்றச் சொன்னார், இறுகிப்போய்ச் சுற்றியது. உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. கஷ்டப்பட்டுச் சுற்றும் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், அந்தச் சூடு ரெசிஸ்டரில் இறங்கும். ரெசிஸ்டரைக் குளிர வைப்பது அதன்மேல் ஓடும் ஃபேன் காற்றுதான். ஃபில்டர் அடைத்திருந்ததால் அந்தக் காற்றும் இல்லை. நான் இரண்டு தடவை மாற்றியது அடிபட்டவனை, அடித்தவனை அல்ல.

வயர்களைச் செருகும் பிளாஸ்டிக் இணைப்பான கப்ளரும் உருகிப் பழுப்பேறி இருந்தது. அதை வெட்டிவிட்டுப் புதியது போட்டார். நடுவில் ஒருவர், “ரெசிஸ்டர்ல இருக்க சின்ன ஃபியூஸுக்குக் குறுக்க ஒரு வயர் போட்டா ஓடிரும்” என்று யோசனை சொன்னார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சூடு எல்லை மீறினால் அறுந்துகொள்ளத்தான் அது இருக்கிறது. டேஷ்போர்டுக்குள்ளே முழுக்க பிளாஸ்டிக்கும் ஃபோமும். தீப்பிடித்தால் குழந்தைகளை இறக்கக்கூட நேரம் கிடைக்காது.

வண்ணார்பேட்டையிலிருந்து:

அண்ணாச்சி சொன்ன கப்ளர் விஷயம் எனக்கும் நடந்தது, ஆனால் காரணம் வேறு. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் எங்கள் தெருவில் நின்ற வண்டிக்குள் சீட் அளவுக்குத் தண்ணீர். சேறு கழுவி, கால்மிதி மேட்களை வெயிலில் போட்டு, இன்ஜினைச் சரிபார்த்து ஓட்ட ஆரம்பித்தோம். ஃபேனும் ஓடியது, நிம்மதியாக விட்டுவிட்டேன். நாலைந்து மாதம் கழித்து ஒருநாள் எந்த வேகத்திலும் ஓடவில்லை. 30 ஆம்பியர் ஃபியூஸ் நன்றாக இருந்தது. டெஸ்ட் லைட் வைத்துப் பார்த்தால் மோட்டார் கப்ளர் வரை கரண்ட் வருகிறது. மோட்டாரின் அடியில் ஸ்குரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டினேன், ஓடியது! மறுநாள் நின்றது. கழற்றினால் உள்ளே காய்ந்த வண்டல், தேய்ந்த கார்பன் பிரஷ், பச்சை பூத்த பின்கள். என் வண்டியில் மோட்டார் முன்சீட்டுக்காரர் காலுக்கு மேலேயே, தாழ்வாக இருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டி வைத்திருப்பவர்கள், ஓடுகிறதே என்று இருந்துவிடாமல் ஒருமுறை திறந்து பாருங்கள். அந்த நாட்களில் எவ்வளவோ இழந்தோம், இதையும் சேர்த்து இழக்க வேண்டாம்.

செங்கோட்டையிலிருந்து:

எங்கள் பக்கம் ஆடிச் சாரலில் ஹீட்டர் இல்லாமல் முடியாது. ஆரியங்காவு ஏற்றத்தில் மழை பெய்யும்போது கண்ணாடி உள்பக்கம் பனி மூடிக்கொள்ளும். ஏசி போட்டு, வெப்பக் குமிழைச் சூட்டுப் பக்கம் வைத்து, வெளிக்காற்றை உள்ளே விட்டால் சீக்கிரம் தெளியும். ஏசி ஈரத்தை எடுக்கும், சூடு கண்ணாடியைக் காய வைக்கும்.

போன சாரலில் ஃபேன் நன்றாக அடித்தது, சூடு மட்டும் வரவில்லை. ஹீட்டர் காயிலுக்கு வருவது இன்ஜினைக் குளிர வைக்கச் சுற்றிவரும் திரவமான சுடு கூலன்ட்தான். காலையில் இன்ஜின் ஆறியபின் மூடியைத் திறந்தேன், கூலன்ட் பாதிதான் இருந்தது. ஒரு ஹோஸ் கசிந்திருக்கிறது. (சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது.) அதே ஏற்றத்தில் இன்னும் இரண்டு நாள் ஓடியிருந்தால் இன்ஜினே போயிருக்கும். காற்று வந்து சூடு வராவிட்டால் முதலில் கூலன்ட்டைப் பாருங்கள்.

களக்காட்டிலிருந்து:

எனக்கு ஃபேன் ஓடும், ‘கடகட’ என்று சத்தம் வரும். ஃபில்டரை உருவிப் பார்த்தால் வாழைச்சருகு! தோட்டத்து ஷெட்டில் நிற்கும் வண்டி, எலி கூடு கட்டியிருக்கிறது. ஒரு சந்தேகம்: என்னுடையது ஆட்டோமேட்டிக் ஏசி. அதற்கும் இந்த ரெசிஸ்டர் உண்டா?

பாளையங்கோட்டையிலிருந்து:

தம்பி, அதில் பெரும்பாலும் ரெசிஸ்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் மாடியூல் இருக்கும், பின்னால் அலுமினியத் தகடு அடுக்கியிருக்கும். விலை கூடுதல். அதனால் அதை மாற்றச் சொன்னால் முதலில் கூட்டை முழுக்க எடுத்துவிட்டு மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள், கரண்ட்டையும் அளக்கச் சொல்லுங்கள். வயரில் பல் பட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே சாவியைப் போடுங்கள்.