பழைய கேசட் வீடியோ டிவியில் அகலமாகத் தெரிகிறது: அளவை எப்படிச் சரிசெய்வது?

கோத்தகிரி_கேமரா:
பேரகணி ஹெத்தையம்மன் திருவிழா, ஹேண்டிகேம் கேசட்டில் எடுத்தது. ஃபயர்வயர் கேபிள் வழியாகக் கணினியில் இறக்கியாச்சு. பால் (PAL) டிவி முறை, 720×576, நொடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸ்டு (ஒற்றை வரி, இரட்டை வரி என்று ஒவ்வொரு ஃபிரேமும் இரு பாதியாகப் பதிவது), 4:3. கணினியில் விஎல்சி பிளேயரில் சரியாக ஓடுகிறது. எம்பி4 ஆக்கிப் பென் டிரைவில் போட்டு ஹட்டி (எங்கள் படுகர் ஊர்) மண்டபத்து டிவியில் ஓட்டினால் ஆட்கள் எல்லாம் குட்டையாக, அகலமாகத் தெரிகிறார்கள். ஆட்டத்தில் கை வீசும்போது சீப்புப் பல் மாதிரி கோடு வேறு. வீட்டுக்கு வீடு வேறு வேறு டிவி. எல்லாவற்றிலும் ஒழுங்காக ஓட என்ன செட்டிங் வைக்கணும்?

குன்னூர்_எடிட்டர்:
அண்ணா, 720-ஐ 576-ஆல் வகுத்துப் பாருங்க, 5:4 தான் வரும். இந்தக் கேசட்டின் பிக்சல் சதுரமில்லை, 12:11. "4:3 ஆக விரித்துக் காட்டு" என்று கோப்புக்குள் ஒரு குறிப்பு இருக்கும். விஎல்சி அதை மதிக்கும். பல டிவிகளின் யுஎஸ்பி பிளேயர் மதிக்காமல் திரை முழுக்க இழுத்துவிடும். 4:3 படத்தை 16:9-க்கு இழுத்தால் மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடிவிடும். குறிப்பை நம்பவே வேண்டாம். சதுரப் பிக்சலுக்கு மாற்றி, பக்கப் பட்டையைப் படத்திலேயே பதிச்சுடுங்க.

வீடியோ மாற்றும் மென்பொருள் ஹேண்ட்பிரேக்கில் முதலில் டீஇன்டர்லேஸ் (இன்டர்லேஸை நீக்குவது): யாடிஃப் முறை, பிரீசெட் 'பாப்'. இது ஒவ்வொரு பாதியையும் தனி ஃபிரேமாக்கும். ஃபிரேம் ரேட்டை 50, கான்ஸ்டன்ட் என்று வையுங்க. இதை மறந்தால் பாப் போட்டதன் பலனே போச்சு. சீப்புக் கோடும் மறையும், ஆட்டமும் வழுக்கிக்கொண்டு ஓடும்.

அடுத்து டைமென்ஷன்ஸ். இடமும் வலமும் 8 பிக்சல் வெட்டினால் 704 மிஞ்சும். அதை 12/11-ஆல் பெருக்கினால் 768. 768×576 அச்சாக 4:3. அனமார்ஃபிக் 'நன்' (விரிக்கும் குறிப்பு இல்லாமல், சதுரப் பிக்சல்), அப்ஸ்கேலிங்குக்கு (படத்தைப் பெரிதாக்க) அனுமதி, படம் 960×720, இரு பக்கமும் 160 கறுப்பு. மொத்தம் 1280×720.

1080 ஆசை வேண்டாம். 1080-இல் 50 ஃபிரேம் என்றால் எச்.264 (படத்தைச் சுருக்கும் முறை) லெவல் 4.2 கேட்கும், லெவல் கூடக் கூட டிவிக்கு வேலை அதிகம், 4.1-உடன் நிற்கும் பழைய டிவிகள் திணறும். 720-க்கு 3.2 போதும். கேசட்டில் இருப்பதே 576 வரிதானே.

ஊட்டி_வீடியோ:
நிறத்தையும் கவனிங்க. கேசட் படம் பிடி.601 (பழைய டிவியின் நிறக் கணக்கு), 720 ஆக்கினால் டிவி அதை பிடி.709 (எச்டி படத்தின் நிறக் கணக்கு) என்று எடுத்துக்கொள்ளும். கலர்ஸ்பேஸ் ஃபில்டரில் 709 கொடுக்காவிட்டால் தேயிலைப் பச்சை வேறு பச்சையாகிவிடும்.

திருவிழாவில் எல்லோரும் வெள்ளை உடை, பின்னால் பனிமூட்டம். கம்ப்ரெஷன் முதலில் உடைவது இங்கேதான்: மூட்டம் படிப்படியாக, கட்டம் கட்டமாகத் தெரியும். ஆர்எஃப் (படத் தரத்துக்கான எண், குறைந்தால் தரம் கூடும்) 22 போதாது, 18 வையுங்க. ஒலிக்கு ஏஏசி முறை, 160 கேபிபிஎஸ். பென் டிரைவ் ஃபேட்32 ஃபார்மேட்டில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, பகுதி பகுதியாகப் பிரிங்க.

கோத்தகிரி_கேமரா:
ரொம்ப நன்றி. இரண்டு கேசட்டில் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருக்கு. நிமிர்த்திப் பிடித்து எடுத்த போன் வீடியோவும் சேர்க்கணும், அது டிவியில் படுத்துக்கிடக்கு.

குன்னூர்_எடிட்டர்:
அந்தக் கேசட், 4:3-க்குள் அடைத்த 16:9. மேலே 72, கீழே 72 வரி வெட்டுங்க, நடுவில் 432 நிற்கும், நேரே 1280×720 ஆக்கலாம். பட்டையே இல்லாமல் ஆட்கள் ஒல்லியாகத் தெரிந்தால் அது கேமராவே 'வைட்' ஆக எடுத்தது, பிக்சல் 16:11. மேல்கீழ் வெட்டாமல் 1280×720. சந்தேகமென்றால் படத்தில் ஒரு வண்டிச் சக்கரத்தைத் தேடிப் பிடியுங்க. வட்டமாக இருக்கணும்.

போன் வீடியோவிலும் திருப்பச் சொல்லும் குறிப்பை டிவி படிப்பதில்லை. திருப்பியே என்கோட் செய்யணும். உயரம் 720 என்றால் அகலம் 405 வரும். ஒற்றைப்படை ஆகாது, 404 வையுங்க, பக்கத்துக்கு 438 பட்டை.

ஊட்டி_வீடியோ:
முழுக்க ஓட விடுவதற்கு முன் ஆட்டம் உள்ள இடத்தில் ஒரு நிமிடம் மட்டும் மாற்றிப் பாருங்க. அசைவு முன்னும் பின்னும் உதறினால் ஃபீல்டு (ஒற்றை வரி, இரட்டை வரிப் பாதிகள்) வரிசை தப்பு. இந்த வகைக் கேசட்டில் கீழ் ஃபீல்டுதான் முதலில். மூலக் கோப்பு மணிக்கு 13 ஜிபி பிடித்தாலும் அழிச்சுடாதீங்க.