அம்மாவிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள்: ‘காணாமல் போனவர்’ என்று எழுதிக் கொடுக்கலாமா?

வள்ளிபுனத்தாள்

வணக்கம். 2009 மே மாதம், இலங்கையில் யுத்தம் முடிந்த நாட்களில், பிள்ளைகளைத் தங்கள் கையாலேயே ஆமியிடம் (இராணுவத்திடம்) ஒப்படைத்த குடும்பங்கள் யாராவது இங்கே இருந்தால், இதை முழுவதும் வாசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

எங்களுக்குச் சொந்த இடம் வள்ளிபுனம். அந்த வருடம் ஜனவரியில் வெளிக்கிட்டு தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம் என்று இழுபட்டுக் கடைசியில் முள்ளிவாய்க்காலுக்கு வந்து சேர்ந்தோம். ஐயாவை (அப்பாவை) வலைஞர்மடத்தில் புதைத்துவிட்டுத்தான் வந்தோம். அக்காவுக்கு அப்போது 20 வயது. எனக்கு 15. மார்ச் மாதம் இயக்கம் (விடுதலைப் புலிகள்) அக்காவைப் பிடித்துக்கொண்டு போனது. இதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தலைமயிரைக் கத்தரித்து 40 நாள் வைத்திருந்தார்கள். ஒரு இரவு ஓடி வந்துவிட்டார்.

வட்டுவாகல் பாலத்தைக் கடந்த பிறகு முட்கம்பி அடித்த ஒரு வெளியில் இரவு முழுக்க எங்களை இருத்தி வைத்தார்கள். விடிந்ததும் ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதிய வேண்டும், பதிந்தால் விசாரித்துவிட்டு விடுவோம், பதியாமல் போய்ப் பிறகு பிடிபட்டால் தண்டனை என்று. அம்மா தன் சீலையில் ஒரு துண்டைக் கிழித்து அக்காவின் தலையில் சுற்றிவிட்டிருந்தார். ஒரு பெண் சிப்பாய் வந்து துண்டை விலக்கிப் பார்த்தார். கழுத்துக்கு மேலே கத்தரித்த மயிர். அதற்குப் பிறகு கதைக்க ஒன்றுமில்லை. அம்மாவே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மேசைக்கு முன்னால் நிறுத்தினார்.

மேசையில் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. மண்ணிறத் தாளில் உறை போட்டிருந்தது. எழுதினவர், அக்காவின் பெயர், ஐயாவின் பெயர், ஊர், எத்தனை நாள் இயக்கத்தில் இருந்தவர் என்று எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினார். பாதியில் பேனை எழுதவில்லை. உதறிப் பார்த்துவிட்டு, மொழிபெயர்த்த பெடியனிடம் வேறு பேனை வாங்கினார். அக்காவின் வரி பாதி நீலம், பாதி கறுப்பு. நான் மேசையோரத்தில்தான் நின்றேன்.

பெண்களை ஏற்றின பஸ்ஸில் அக்கா இடப்பக்க ஜன்னலோரம் இருந்தார். காலில் ஒன்றுமில்லை. அம்மா தன் செருப்பைக் கழற்றி ஜன்னலால் கொடுத்தார். அதுதான் கடைசி.

மெனிக் பாம் அகதி முகாமில் இருக்கும்போதே கேட்கத் தொடங்கினோம். முதலில் கிடைத்த பதில், அப்படி ஒரு பெயர் பதிவில் இல்லை. சில வருடம் கழித்து ஒரு விசாரணையில், உங்கள் மகள் சண்டையில் இறந்திருப்பார் என்றார்கள். இன்னொரு தடவை, வெளிநாட்டுக்குப் போயிருக்கலாம், விசாரித்துப் பாருங்கள் என்றார்கள். கொப்பியில் எழுதினதை ஒருவரும் இல்லையென்றும் சொல்லவில்லை, ஓமென்றும் சொல்லவில்லை. அதைப் பற்றிக் கேட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

2017 மார்ச்சில் முல்லைத்தீவுக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் தாய்மார் கொட்டில் போட்டு இருந்தபோது அம்மாவும் போய் இருந்தார். 2020 ஜனவரியில், 2009இல் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவரே ஜனாதிபதியாக வந்து, காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. அதிகாரியிடம் சொன்னதாக ரேடியோவில் கேட்டார். அன்றைக்கு அம்மா உலை வைக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். ‘காணாமல் போன சூழ்நிலை’ என்று ஒரு கட்டம். அதில் ‘யுத்தத்தின்போது’ என்று ஏற்கெனவே பென்சிலால் எழுதியிருந்தது. கீழே கையெழுத்து வைத்தால் போதுமாம். அம்மா பேனையைத் தொடவே இல்லை. “என்ர பிள்ளை காணாமல் போகேல்லை. நான் கொண்டுபோய்க் குடுத்தனான். குடுத்தது எப்பிடித் தம்பி காணாமல் போகும்?” என்று கேட்டார். வந்த பெடியன் பாவம், நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த கிழமை திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அம்மாவுக்கு 71 வயது, நீரிழிவும் இருக்கிறது. நாங்கள் என்ன எழுதலாம்? எழுதாமல் விட்டால் தேடுவதையே நிறுத்திவிடுவார்களா? அதோடு, அந்த நேரம் தடுப்பில் இருந்த அக்காமார் யாராவது இதை வாசித்தால், பெண்களை ஏற்றின பஸ் எங்கே போனது என்று தெரிந்ததைச் சொல்லுங்கள்.

பூந்தோட்டம்_09

தங்கச்சி, நான் ஆமியின் தடுப்புக்காவலில் இருந்தவள். இப்போது கிளிநொச்சியில் இருக்கிறேன். உங்கள் அக்காவை நான் கண்டேன் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லிக் காசு பறித்தவர்களால் எங்கள் ஊரில் ஒரு குடும்பம் காணியையே ஈடு வைத்தது. யாராவது உங்களுக்குத் தனியாகத் தகவல் போட்டு, அக்கா இன்ன முகாமில் இருக்கிறார், இவ்வளவு அனுப்புங்கள் என்று கேட்டால் ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என்னை ஓமந்தையில் வைத்துப் பிரித்தார்கள். முதலில் வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடம், பிறகு பூந்தோட்டம் புனர்வாழ்வு முகாம். 2009 ஜூலைக்குப் பிறகு புனர்வாழ்வு முகாம்களுக்குள் செஞ்சிலுவைச் சங்கத்தை விடவில்லை. அதனால் எங்களிடம் அவர்களுடைய அட்டை இல்லை. எங்கள் பெயர் இருந்தது படையினரின் கொப்பியில் மட்டும்தான். கொப்பி இல்லையென்றால் நாங்களும் இல்லை.

பெயர் விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். என் பெயரில் ‘ழ’ இருக்கிறது. சிங்களத்தில் அந்த எழுத்து இல்லை. எழுதினவர் ‘ல’ போட்டார். பிறகு அதைப் பார்த்து ஆங்கிலத்தில் தட்டினவர் ஐயாவின் பெயரை என் பெயர் போலவும், என் பெயரை ஐயாவின் பெயர் போலவும் போட்டார். விடுதலையாகும்போது தந்த சான்றிதழில் இருப்பது வேறொரு ஆள். என் அம்மா எட்டு மாதம் சரியான பெயரைச் சொல்லித் தேடினார், எட்டு மாதமும் ‘இல்லை’ என்றார்கள். நான் ஒரு மைல் தூரத்தில் தையல் வகுப்பில் இருந்தேன். உங்கள் அக்காவின் பெயரை எத்தனை விதமாகப் பிழையாக எழுதலாமோ அத்தனை விதத்தையும் எழுதிக் கொடுங்கள். ‘பதிவில் இல்லை’ என்ற பதிலை அதற்குப் பிறகும் தந்தால் எழுத்தில் வாங்குங்கள்.

மற்றது, ‘சண்டையில் இறந்தார்’ என்ற பதில். புலிகளின் தொலைக்காட்சியில் செய்தி வாசித்த இசைப்பிரியாவை நினைத்துப் பாருங்கள். 2009இல் சண்டையில் கொல்லப்பட்டவர் என்று பாதுகாப்பு அமைச்சின் பட்டியலில் அவர் பெயரைப் போட்டார்கள். 2013 நவம்பரில் பிரித்தானியாவின் சேனல் 4 தொலைக்காட்சி காட்டின ஒளிப்பதிவில் அவர் உயிரோடு படையினரின் கையில் இருக்கிறார். சேற்று நீரிலிருந்து கூட்டி வருகிறார்கள், மேலே ஒரு துணியைப் போர்த்துகிறார்கள். அரசாங்கம் அதைப் பொய்க் காட்சி என்றது. அவருடைய குரலையும் முகத்தையும் நாங்கள் அறிவோம். செய்தி வாசிக்கும்போது வசனத்தின் முடிவில் சின்னதாக ஒரு இடைவெளி விடுவார். நான் அந்தக் காட்சியை ஒரு தடவைதான் பார்த்தேன். இனிப் பார்க்க மாட்டேன். ஆனால் சண்டையில் என்ற சொல்லை ஒரு அதிகாரி சொன்னவுடன் ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது.

அம்மாவின் சொல்லை மாற்றாதீர்கள்.

கண்டாவளை மாமா

பிள்ளை, நான் வேறு மாதிரிச் சொல்லப் போகிறேன், கோபிக்க வேண்டாம். என் மகனும் போனவன்தான். நான் கையெழுத்து வைத்தேன். 2022இல் ஒரு குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று அறிவித்தபோது, தாய்மார் பலர் வேண்டாம் என்று நின்றார்கள். அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடலாம். ஆனால் என் வீட்டில் மருமகளும் இரண்டு சின்னப் பிள்ளைகளும். அவளுக்கு வங்கிக் கணக்கு மாற்ற வேண்டும், காணி உறுதியில் பெயர் மாற்ற வேண்டும், எங்கே போனாலும் ஒரு கடதாசி கேட்டார்கள். கையெழுத்து வைத்ததால் நான் அவனைத் தேடாமல் விட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது. அம்மாவுக்கு மருந்துச் செலவு இருக்கும். யோசித்துச் செய்யுங்கள்.

வள்ளிபுனத்தாள்

மாமா, உங்களை ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். அம்மாவிடம் உங்கள் பதிலை வாசித்துக் காட்டினேன். “அந்த மனிசன் பிள்ளையளுக்காகச் செய்தது” என்றார்.

எங்களுக்குக் காசு பிரச்சினை இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் இது எங்கள் ஊருக்கு முதல் தடவை இல்லை. 2006 ஆகஸ்ட் 14 எங்கள் ஊரில் இருந்த செஞ்சோலைச் சிறுவர் இல்ல வளாகத்தில் விமானத்தால் குண்டு போட்டார்கள், 50க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எங்கள் வீட்டுக்கே சத்தம் கேட்டது. சீருடை போட்டுப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைப் பயிற்சி எடுத்தவர்கள் என்றார்கள். காயத்தோடு கண்டி வைத்தியசாலைக்குக் கொண்டுபோன பிள்ளைகளைப் பொலிஸ் காவலில் வைத்துவிட்டு, பயிற்சிக்குத்தான் போனோம் என்று அவர்களே சொன்னதாக அறிவித்தார்கள். காவலில் படுத்திருக்கிற பிள்ளை யாருக்குப் பயந்து என்ன சொல்லும்? அக்கா அப்போது அந்தப் பிள்ளைகளின் வயதுதான். “நாளைக்கு என்னைப் பற்றியும் ஆரும் எழுதுவினம்” என்று அன்றைக்குச் சொன்னார். அதனால்தான் அந்தக் கட்டத்தில் இன்னொருவர் பென்சிலால் எழுதினது எனக்கு இப்படிச் சுடுகிறது.

வழக்கேடு

வவுனியாவில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருக்கிறேன். சட்ட ஆலோசனையாக எடுக்காமல், கோப்புப் பார்த்தவன் சொல்வதாக எடுங்கள்.

படிவத்தை மறுக்கத் தேவையில்லை. பென்சில் எழுத்தை அழிக்கச் சொல்லி, அம்மா சொன்னதையே எழுதிக் கொடுங்கள். ‘2009 மே 18, வட்டுவாகலில் இராணுவத்திடம் நேரில் ஒப்படைத்தேன், பஸ்ஸில் ஏற்றிச் சென்றார்கள்.’ திகதி, இடம், யாரிடம் என்ற மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். ‘காணாமல் போனார்’ என்று எழுதினால் தேட வேண்டியது குடும்பத்தின் வேலை என்பது போல ஆகிவிடும். ‘ஒப்படைத்தேன்’ என்றால், வாங்கினவர் பதில் சொல்ல வேண்டும். வழக்குகள் எல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் நிற்கின்றன.

அன்றைக்கு வட்டுவாகலில் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்போடு சேர்ந்து சரணடைந்தவர்களின் மனைவிமார், அனந்தி சசிதரன் உட்பட, 2013இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். விசாரணை முல்லைத்தீவு நீதிமன்றத்துக்குப் போனது. 2016இல் அங்கே சாட்சி சொன்ன 58ஆவது படைப்பிரிவின் தளபதி, சரணடைந்தவர்களின் பட்டியல் இருக்கிறது என்றார். கொண்டு வரச் சொன்னபோது வந்தது, புனர்வாழ்வு பெற்று விடுவிக்கப்பட்டவர்களின் பட்டியல். வீடு வந்தவர்களின் பெயரை வீட்டுக்காரருக்கு எதற்கு? நாங்கள் கேட்டது பஸ்ஸில் ஏறினவர்களின் பெயர். ஏறிய பட்டியலையும் இறங்கிய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மீதி யார் என்று தெரிந்துவிடும். அதனால்தான் முதல் பட்டியல் வெளியே வரவில்லை என்பது என் எண்ணம்.

அந்தக் கொப்பியைப் பார்த்த ஆள் நீங்கள், அம்மா மட்டுமல்ல. உறையின் நிறம், இரண்டு மை எல்லாவற்றையும் உங்கள் பெயரில் ஒரு சத்தியக்கடதாசியாக (சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலமாக) முடித்து வையுங்கள். அம்மா இருக்கும்போதே அம்மாவுடையதையும் முடியுங்கள். இதைச் சொல்ல மனம் வரவில்லை, ஆனால் சாட்சி சொல்லாமலே போன தாய்மாரின் கோப்புகள் எங்கள் அலுமாரியில் நிறைய இருக்கின்றன.

கண்டாவளை ஐயா செய்ததிலும் பிழையில்லை. 2016இல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழ் இல்லாமல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். காணி, வங்கி அலுவல்கள் சிலவற்றுக்கு அதைக் காட்டலாம். எந்தக் கடதாசியில் கையெழுத்து என்று பார்த்து வையுங்கள்.

வள்ளிபுனத்தாள்

நேற்று அவர்கள் வந்தார்கள். பென்சிலை அம்மாவே அழிறப்பரால் அழித்தார். வழக்கேடு அண்ணா சொன்ன வசனம் கட்டத்துக்குள் அடங்கவில்லை. வந்தவர் சுருக்கி எழுதலாமா என்று கேட்டார். அம்மா மாட்டேன் என்றார். கடைசியில் படிவத்தின் பின்பக்கத்தில் நான் எழுதினேன், அம்மா கீழே கையெழுத்து வைத்தார். முன்பக்கக் கட்டத்தில் ‘பின்னால் பார்க்கவும்’ என்று போட்டோம். அக்காவின் பெயரை ஆறு விதமாக எழுதியிருக்கிறேன், பூந்தோட்டம் அக்காவுக்கு நன்றி. கொண்டுபோக முதல் புதுக்குடியிருப்புச் சந்திக் கடையில் நான்கு பிரதி எடுத்துவிட்டேன். சத்தியக்கடதாசிக்கு வெள்ளிக்கிழமை வவுனியா போகிறோம்.

மே 18 காலை பெண்களை ஏற்றின பஸ்ஸில் இருந்தவர்கள், அல்லது பக்கத்து பஸ்ஸில் இருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள், காசு கேட்பவர்கள் வேண்டாம். அக்கா போட்டிருந்தது ஊதாப் பூப் போட்ட சட்டை. இடது புருவத்துக்கு மேலே சின்னத் தழும்பு. காலில் பெரிய செருப்பு, அம்மாவுடையது, வலது வார் நூலால் கட்டியிருக்கும்.