கிரீஸை இரண்டு மடங்கு ஊதினால் அது கிரீஸா?

அறுகோணம்:
நகரங்களை நிறுவி நாட்டை வளர்க்கும் சிவிலைசேஷன் 6 என்ற கணினி விளையாட்டுக்காக மத்தியதரைக் கடல் மேப் ஒன்றை மூன்று மாதமாக வரைந்துகொண்டிருக்கிறேன். கடலின் அகலம் 100 கட்டம். ஜிப்ரால்டரிலிருந்து லெபனான் கரை வரை சுமார் 3,700 கி.மீ. என்று வைத்தால் ஒரு கட்டம் 37 கி.மீ. இத்தாலி, எகிப்து, ஸ்பெயின் எல்லாம் அழகாக உட்கார்ந்துவிட்டன, கிரீஸில்தான் மாட்டிக்கொண்டேன். ஏதென்ஸுக்கும் ஸ்பார்டாவுக்கும் நேர்கோட்டில் 150 கி.மீ. சொச்சம், அதாவது 4 கட்டம். இரண்டு நகரங்களுக்கு நடுவே 3 கட்டம் விட வேண்டும் என்ற விதிக்கு மயிரிழையில் பொருந்துகிறது. ஆனால் கொரிந்த் ஏதென்ஸிலிருந்து 2 கட்டம்தான், தீப்ஸ் அதைவிடக் கிட்டே. இரண்டையும் வைக்கவே வழியில்லை. அதனால் கிரீஸை மட்டும் இரண்டு மடங்கு ஊதிவிடலாம் என்றிருக்கிறேன். ஆட்சேபம் உண்டா?

பழங்காசு:
எனக்கு உண்டு. கிரேக்கர்கள் ஏன் கப்பலேறிப் போய் சிசிலியில் சிராகூஸ், இன்றைய பிரான்ஸில் மசாலியா, லிபியாவில் சைரீன் என்று கடல் முழுக்க ஊர் வைத்தார்கள்? சொந்த மண்ணில் இடம் போதவில்லை என்பது அதற்கு ஒரு பெரிய காரணம். மலை, அதற்கு நடுவே கையகல வயல், அவ்வளவுதான். நீங்கள் கிரீஸை ஊதினால் அந்த ஆட்டக்காரர் வீட்டிலேயே ஆறு நகரம் வைத்துக்கொண்டு சுகமாக உட்கார்ந்துவிடுவார், சிசிலிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார். அந்த நெருக்கடிதான் கிரேக்கர்களின் கதையே. அதை எடுத்துவிட்டால் பெயர்ப் பலகை மட்டும்தான் மிஞ்சும்.

டர்ன்300:
கேட்க நன்றாக இருக்கிறது, விளையாடித்தான் பாருங்களேன். இப்படி ஒரு 'உண்மையான அளவு' மேப்பில் ஏதென்ஸ் எடுத்து 60 டர்ன் (ஆட்டச் சுற்று) வரை ஒரே நகரத்தோடு உட்கார்ந்திருக்கிறேன், எதிரே கால் (Gaul, இன்றைய பிரான்ஸ்) பக்கம் இருந்த நண்பர் அதற்குள் ஆறு வைத்துவிட்டார். கப்பல் கட்டும் தொழில்நுட்பம் வரும்வரை இந்த ஆட்டத்தில் புது நகரம் வைக்கும் குடியேறிகளைக் கடலில் இறக்க முடியாது, அது வருவதற்குள் நல்ல இடம் எல்லாம் போய்விடும். வரலாற்றில் கிரேக்கர்களுக்கு நெருக்கடியும் இருந்தது, படகும் இருந்தது. நீங்கள் நெருக்கடியை மட்டும் கொடுத்துவிட்டு அதற்கு வரலாறு என்று பெயர் வைக்கிறீர்கள்.

பழங்காசு:
சரி, அந்தப் படகு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் கிரேக்கர்களுக்குக் கப்பல் கட்டும் திறனை முதல் டர்னிலேயே கொடுத்துவிடுங்கள். நிலத்தை ஏன் தொடுகிறீர்கள்? விதி தப்பாக இருந்தால் விதியைத்தான் திருத்த வேண்டும்.

கப்பல்காரன்:
நிலத்தைத் தொடக் கூடாதா? மெஸ்ஸினா நீரிணை மிகக் குறுகிய இடத்தில் 3 கி.மீ.தான் அகலம், இந்த மேப்பில் அதற்கு முழுசாக ஒரு கட்டம் தண்ணீர் இருக்கும், 37 கி.மீ.! போஸ்போரஸ் ஒரு இடத்தில் ஒரு கி.மீ. கூட இல்லை. இந்த இரண்டையும் உண்மை அளவில் வரைந்தால் சிசிலி இத்தாலியோடு ஒட்டிக்கொள்ளும், கருங்கடல் குளமாகிவிடும். அதனால் கடலுக்காக எல்லாருமே பொய் சொல்கிறோம், யாரும் வாய் திறப்பதில்லை. நிலத்துக்காக ஒரு பொய் சொன்னால் மட்டும் சாமியாடுகிறீர்கள்.

பைசாந்தியத்தையே (இன்றைய இஸ்தான்புல்) எடுங்கள். எதிர்க்கரையில் கால்செடன் என்ற ஊர் 17 வருடம் முன்பே வந்துவிட்டது, இவ்வளவு நல்ல இடத்தை விட்டுவிட்டு அங்கே போய் ஊர் வைத்தவர்கள் குருடர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று பாரசீகத் தளபதி மெகாபாஸஸ் சொன்னதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். எனக்கு மிகவும் பிடித்த கதை. நகரம் வைக்கும் இடத்தைப் பற்றி 2,500 வருடத்துக்கு முன்பே சண்டை போட்டிருக்கிறார்கள். ஆனால் இந்த அளவில் இரண்டு ஊரும் ஒரே கட்டத்துக்குள், யார் குருடர் என்று தெரியப்போவதே இல்லை.

டர்ன்300:
ரோமும் அப்படித்தான். கடலிலிருந்து ஏறக்குறைய 25 கி.மீ. உள்ளே, கட்டமோ 37 கி.மீ. கணக்குப்படி அது துறைமுக நகரமாகிவிடும். அறுகோணம் எங்கே வைத்திருக்கிறார்?

அறுகோணம்:
கரையில்தான். ரோமின் துறைமுகமான ஒஸ்தியாவையும் ரோமையும் ஒரே நகரமாக எண்ணிக்கொண்டேன். அலெக்சாண்டிரியாவிலிருந்து வந்த தானியம் எப்படியும் கடல் வழியாகத்தானே வந்தது.

பழங்காசு:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ரோம் தன்னைச் சுற்றியிருந்த வயலைத் தின்று அவ்வளவு பெரிதாகவில்லை. சிசிலி, ஆப்பிரிக்கா, எகிப்து மூன்றும் சோறு போட்டன. விளையாட்டிலோ நகரம் தன்னைச் சுற்றி 3 கட்டத்துக்குள் இருப்பதைத்தான் முக்கியமாக உண்கிறது. ஜெருசலேம், பெட்ரா மாதிரி ஊர்களை அதனதன் இடத்தில் வைத்துப் பாருங்கள், நாலு மக்கள்தொகைக்கே மூச்சு வாங்கும். உடனே பாலைவனத்தில் கோதுமையைத் தூவுகிறார்கள் மேப் போடுபவர்கள். எனக்கு எரிச்சல் வருவது அந்தக் கோதுமையைப் பார்த்துத்தான்.

கப்பல்காரன்:
அப்போ கொரிந்த்? அந்த நிலஇடுக்கில் நகரம் வைத்த அன்றே இரண்டு பக்கக் கடலிலிருந்தும் கப்பல் ஊருக்குள் புகுந்து போகும், ஆட்டத்தின் விதி அப்படி. நிஜக் கால்வாய் திறந்தது 1893-ல். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு டியோல்கோஸ் என்ற கல்பாதையில் கப்பலைத் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். இதைத் தடுக்கப் போகிறீர்களா, விடப் போகிறீர்களா?

பழங்காசு:
விடுவேன். இழுத்துக்கொண்டு போனதை ஆட்டம் அப்படிக் காட்டுகிறது என்று எடுத்துக்கொள்வேன். (ஆமாம், என் வசதிக்குத்தான்.)

டர்ன்300:
பாருங்க, ஒரு ஊதல் பிடிக்கவில்லை, ஒரு கால்வாய் பிடித்துவிட்டது!

அறுகோணம்:
முடிவு பண்ணிவிட்டேன். கிரீஸ் ஒன்றரை மடங்கு மட்டும். ஸ்பார்டா 6 கட்டம் தள்ளிப் போகும், கொரிந்தை ஒரு கட்டம் மேற்கே நகர்த்தினால் ஏதென்ஸிலிருந்து 4 ஆகிவிடும். தீப்ஸுக்கு இடமில்லை, மன்னிக்கவும். கிரேக்கர்களுக்குக் கப்பல் கட்டும் திறன் முதல் டர்னிலிருந்தே. பாலைவனத்தில் கோதுமை கிடையாது, ஜெருசலேமை நகர அரசாக (கணினி நடத்தும் ஒற்றை ஊர்) வைத்துவிடுகிறேன், அது வளர வேண்டிய கட்டாயமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோப்பைப் போடுகிறேன்.

பழங்காசு:
போடுங்கள். பழைய அளவில் இருக்கிற கோப்பை அழித்துவிடாதீர்கள், எனக்கு அது வேண்டும்.