வண்ணம் தீட்ட உட்கார்ந்தாலே கை ஓடவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். பகலில் பிளெக்ஸ் டிசைன் வேலை, இரவில் சிறுவர் கதைகளுக்குப் படம் வரைகிறேன். முதன்முறையாக 24 பக்கப் புத்தகம் ஒன்று கிடைத்திருக்கிறது. பென்சில் ரஃப் பத்தே நாளில் முடிந்தது. வண்ணம் தீட்ட உட்கார்ந்தால் மட்டும் பிரஷ் கழுவுகிறேன், பென்சில் சீவுகிறேன், அடுத்தவர் படங்களைப் பார்த்தே மணி பன்னிரண்டாகிவிடுகிறது. மூன்றாம் பக்கத்து யானை மூன்று வாரமாகத் தும்பிக்கை இல்லாமல் நிற்கிறது! சோம்பல் இல்லை, கெடுத்துவிடுவோமோ என்ற பயம்தான்.

இதைத் தாண்டியவர்கள் எப்படித் தொடங்கினீர்கள்?

அப்புறம், பதிப்பகத்தார் தந்த ஒப்பந்தத்தில் என் படங்களின் உரிமை அவர்களுக்கு எத்தனை வருடத்துக்கு என்றே இல்லை. காலம் குறிப்பிடாவிட்டால் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி 5 ஆண்டுதான் என்று படித்தேன். அதை எழுத்தில் கேட்டால் புது ஆளுக்கு இவ்வளவா என்பார்களோ? பணம் பக்கக் கணக்கில் வாங்குவதா, மொத்தமாகவா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.