சுருக்கம் எழுதப் பழக்க என்ன செய்கிறீர்கள்?

வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்கு மாலையில் தமிழ் சொல்லித் தருகிறேன். ஓரிடத்தில் தடுமாறி நிற்கிறேன், உதவுங்கள்.

போன வாரம் பங்குனி ஆமை என்ற கடலாமையைப் பற்றி 150 சொற்களில் ஒரு பத்தி கொடுத்து, மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கச் சொன்னேன். ஒரு பெண் அழகாக எழுதியிருந்தாள். ஒரு குழியில் சுமார் நூறு முட்டைகள், 45 முதல் 60 நாட்களில் குஞ்சு பொரிக்கும், கரையோர விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துக் குஞ்சுகள் கடலை விட்டுச் சாலைப் பக்கம் நகர்ந்துவிடும். எல்லாம் உண்மைதான். ஆனால் விளக்குச் செய்தி என் பத்தியிலேயே இல்லை! சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையில் ‘ஆமை நடை’ (ஆமை முட்டைகளைத் தேடிப் பாதுகாக்க இரவில் நடப்பது) போனபோது கேட்டாளாம். அதை அடிக்க எனக்குக் கை வரவே இல்லை.

தகவல் கட்டுரை என்றால் அந்த வரிதான் தங்கம். நாலு இடத்தில் தேடி, விஷயம் தெரியாதவருக்கும் புரியும்படி அடுக்குவது அது. சுருக்கத்தில் பத்தியில் உள்ளது மட்டும்தான், நம் சொற்களில். இதைச் சொன்னதும் தலையாட்டினார்கள். சரி என்று தகவல் கட்டுரை கேட்டால், ஏதோ ஒரு பக்கத்தைச் சுருக்கிக்கொண்டு வருகிறார்கள்!

இரண்டும் அவர்களுக்குக் கைவர வேண்டும். சுருக்கத் தெரிந்தால் வரலாற்றுப் பாடத்தை வரிக்கு வரி மனப்பாடம் செய்யவேண்டாம். தேடி எழுதப் பழகினால் ஊர்ச் சுவர் இதழுக்கு அவர்களே எழுதுவார்கள்.

ஒரே பொருளை வைத்து இரண்டையும் பழக்கிய ஆசிரியர்கள் இருக்கிறீர்களா? வகுப்பில் என்ன செய்தீர்கள்? பயன்படுத்திய பத்திகள் இருந்தால் இங்கே போடுங்கள். அடுத்த வகுப்பு சனிக்கிழமை.