மழைக்கு உப்புற ஏர் ரைபிள் ஸ்டாக்: புதுசா செதுக்கலாமா, இருக்குறதையே தேத்தலாமா?

மிஸ்ட்_கோத்தகிரி:
என்கிட்ட .177 (குண்டு சைஸ்) பிரேக் பேரல் ஸ்பிரிங் ரைபிள் இருக்கு, அதாவது குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கிச் சுடுற ஏர் ரைபிள், லோக்கல் மேக். வீட்டுப் பின்னாடி அட்டை டார்கெட்ல மட்டும்தான் சுடுறது, அதனால வனத்துறை லெக்சர் வேணாம். மெட்டல் பரவால்ல, ஸ்டாக், அதான் மெட்டலைத் தாங்குற மரக் கட்டைதான் படு மட்டம். மேல தடியா டார்க் வார்னிஷ் அடிச்சு மறைச்சிருக்கான், ஸ்க்ரூவ கழட்டி உள்ள பாத்தா வெள்ளை வெளேர்னு வெறும் மரம், ஒரு கோட் கூட இல்ல. ஐப்பசி மழைல உப்பி இறுகிக்குது, தை மாச வெயில்ல சுருங்கி லொடலொடங்குது, குறி கன்னாபின்னான்னு போகுது. எஸ்டேட்ல சில்வர் ஓக் பலகை சும்மா கிடக்கு, அதுல புதுசா செதுக்கிடவா?

உளிச்சத்தம்_குன்னூர்:
சில்வர் ஓக் வேணவே வேணாம் ப்ரோ. ஸ்க்ரூ இறுக்க இறுக்க மரம் நசுங்கி உள்ள போயிட்டே இருக்கும். அறுக்குற தூளும் சிலருக்கு தோல்ல அரிப்பு கிளப்பும். மரத்தை மாத்துறது அப்புறம், உள்பக்கம் சீல் பண்ணாத எந்தக் கட்டையும் நம்ம மலைல ஆடத்தான் செய்யும்.

கூடலூர்காரன்:
அட சும்மா பயமுறுத்தாதீங்க. மட்டக் கட்டைக்கு மருந்து போட்டுட்டே இருக்கிறதுக்கு தேக்குல ஒண்ணு செஞ்சா முடிஞ்சுது. எங்க பக்கம் ஆனி ஆடில கொட்டுற மழைக்கே தேக்கு ஜன்னல் அசையாது. ஸ்பிரிங் ரைபிள் உதை வேற மாதிரி, முதல்ல பின்னாடி தள்ளும், பிஸ்டன் போய் முட்டினதும் முன்னாடி இழுக்கும். லேசான கட்டைன்னா துப்பாக்கி அதிகமா துள்ளும், வெயிட் வேணும்.

உளிச்சத்தம்_குன்னூர்:
வெயிட் விஷயம் சரிதான், ஒத்துக்கிறேன். ஆனா ஜன்னல் வேற ஸ்டாக் வேறண்ணே. கைப்பிடி மெலிசாகுற இடத்துல மரத்தோட ரேகை நீளவாக்குல ஓடணும், குறுக்கா வெட்டுப்பட்டுச்சுன்னா தேக்கா இருந்தாலும் ஒருநாள் அங்கதான் விரிசல் விடும். அந்த மாதிரி பலகை பொறுக்கி எடுக்குறதே பாதி வேலை. அதுவும் எஸ்டேட் பலகை நல்லா காயாம இருந்தா செதுக்கின அப்புறம் முறுக்கிக்கும், ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு வருஷம் நிழல்ல காயணும்னு கணக்கு.

பழைய303:
குறுக்க வர்றேன். ஈஷாப்பூர் அரசாங்க ஃபேக்டரில செஞ்ச .303 ராணுவ ரைபிளோட முன்கட்டைல குறுக்கால ஒரு ஸ்க்ரூ இருக்கும், பாத்திருக்கீங்களா? கட்டை பிளக்காம இருக்கத்தான். அரசாங்கத் தொழிற்சாலையே மரத்தை மட்டும் நம்பல. அப்புறம் யாராச்சும் ஈட்டி மரம்னு ஆரம்பிச்சா, அதைப் பாதுகாக்கன்னே 1994ல தனி சட்டம் போட்ட மாநிலம் இது, ஞாபகம் இருக்கட்டும்.

கொடை_குளிர்:
இவ்ளோ தலைவலி எதுக்கு, பிளாஸ்டிக் ஸ்டாக் மாட்டுங்க. மழையும் இல்ல ரேகையும் இல்ல.

கூடலூர்காரன்:
உள்ள வெத்து டப்பா, சுட்டா டொங்குன்னு சத்தம். அதுக்கு இவரோட மட்டக் கட்டையே தேவலாம்.

உளிச்சத்தம்_குன்னூர்:
அதைத்தானே நானும் சொல்றேன் 😄 கோத்தகிரி ப்ரோ, இப்படிப் பண்ணுங்க. மழை விட்டதும் வீட்டுக்குள்ள நல்லா காய விடுங்க. ஸ்க்ரூ ஓட்டையை கொஞ்சம் பெருசாக்கி சின்ன பித்தளைக் குழாய் துண்டு இறக்கி ஆரல்டைட் வச்சு ஒட்டுங்க, அப்ப ஸ்க்ரூ மரத்தை நசுக்காது, குழாய் மேலதான் உக்காரும். மெட்டல் படுற இடத்துலயும் மெலிசா ஆரல்டைட், ஆனா அதுக்கு முன்னாடி மெட்டல்ல ஷூ பாலிஷ் தடவிடுங்க, மறந்தா ஜென்மத்துக்கும் கழட்ட முடியாது. மிச்ச உள்பக்கம் பூரா பாலியூரித்தேன் வார்னிஷ். ஆளிவிதை எண்ணெய் மட்டும் போதும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, பளபளப்பு வரும், ஈரம் நிக்காது.

கூடலூர்காரன்:
ரெண்டு மழைக்காலம் தாங்கினா சொல்லுங்க பாப்போம். நான் தேக்குப் பலகை எடுத்து வைக்கிறேன்.

மிஸ்ட்_கோத்தகிரி:
சரி, முதல்ல குழாய் வேலை, பலகையும் இருக்கட்டும்ணே. ஒரே டவுட்டு, இந்தக் குளிர்ல ஆரல்டைட் இறுகுமா?

உளிச்சத்தம்_குன்னூர்:
லேட்டாகும். கட்டையை ராத்திரி சமையக்கட்டுல, அடுப்புக்கு தள்ளி வைங்க. காலைல நகத்தால அழுத்திப் பாருங்க, பள்ளம் விழுந்தா இன்னொரு நாள் விடுங்க.