டிப்ஸ்டிக்கில் காபி கலர்

*சனிக்கிழமை*

தம்பி (காலை 7:05): மாமா, டீசல் வண்டில கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கற தண்ணி) குறையுது. 1000 கி.மீ.க்கு 1 லிட்டர் ஊத்தறேன். தரையில ஒரு சொட்டு இல்ல. நேத்து டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பாக்கற கம்பி) எடுத்தா ஆயில் பால் கலந்த டிகாக்‌ஷன் மாதிரி இருக்கு. மெக்கானிக் ஹெட் பேக்கிங் (இன்ஜின் மேல் பாகமான ஹெட்டுக்கு அடியில இருக்கற கேஸ்கெட்) போச்சு, ஹெட்டைக் கழட்டணும்ங்கறார்.

கோவை மாமா (7:09): முதல்ல வண்டியை நிறுத்து மாப்ள. கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்னுடும். மெக்கானிக் வீட்டுக்கு வேணும்னா டோ பண்ணு.

கோவை மாமா (7:10): ஆயில் லெவல் ஏறியிருக்கா, இறங்கியிருக்கா?

தம்பி (7:14): மேல் கோட்டைத் தாண்டிடுச்சு. கூலன்ட் டப்பா மூடிக்கு அடியில பழுப்பா வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கு.

கோவை மாமா (7:16): டப்பாவுலயுமா? அப்ப ஹெட்டைத் தொட விடாதே. பொறு.

அத்தை (7:17): 🌺 இனிய காலை வணக்கம் 🌺

சேலம் சித்தப்பா (7:24): வெள்ளைப் புகை வருதாடா? காலைல ஸ்டார்ட் பண்ணின ரெண்டு நிமிஷத்துல ரேடியேட்டர் மேல் ஹோஸ் கல்லு மாதிரி ஆகுதா?

தம்பி (7:26): புகை இல்ல சித்தப்பா. ஹோஸ் சூடாகற வரைக்கும் மெத்துன்னுதான் இருக்கு.

சேலம் சித்தப்பா (7:29): ஹெட் பேக்கிங் சிலிண்டர் பக்கம் விட்டிருந்தா எரியற வாயு நேரா கூலன்ட்டுக்குள்ள போகும். இன்ஜின் சூடாகும் முன்னயே ஹோஸ் இறுகிடும், டப்பால குமிழி நிக்காம வரும். ரெண்டும் இல்லைன்னா பேக்கிங் மேல சந்தேகம் குறையுது. தீரல, குறையுது. ஆயில் வழிக்கும் தண்ணி வழிக்கும் நடுவுல மட்டும் விட்டிருந்தா இந்த அறிகுறி எதுவும் வராது.

கோவை மாமா (7:33): என் சந்தேகம் ஆயில் கூலர், ஆயிலைக் குளிர வைக்கற பாகம். இந்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜின்ல அது ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கோட சேர்ந்தே இருக்கும். ஒரு பக்கம் ஆயில், ஒரு பக்கம் கூலன்ட், நடுவுல மெல்லிய தகடு. ஓடறப்ப ஆயில் பிரஷர் 3, 4 பார், கூலன்ட் 1 பார் சொச்சம். அதனால ஆயில் கூலன்ட்டுக்குள்ள போகும். ஆஃப் பண்ணினதும் ஆயில் பிரஷர் உடனே பூஜ்யம். கூலன்ட் சூடு ஆறற வரைக்கும் பிரஷரோட இருக்கும், அது ஆயிலுக்குள்ள இறங்கும். ரெண்டு பக்கமும் கெட்டது இப்படித்தான்.

அக்கா (7:41): என் வண்டில ஆயில் ஊத்தற மூடிக்கு அடியிலயும் வெள்ளையா இருக்கே மாமா?!

கோவை மாமா (7:43): நீ 3 கி.மீ. ஆபீஸ் போயிட்டு வர்றவ. இன்ஜின் முழுசா சூடாகாது, உள்ள ஈரம் மூடில படியும். டிப்ஸ்டிக் சுத்தமா இருந்து கூலன்ட் லெவலும் அப்படியே இருந்தா பயமில்ல. வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் ஹைவேல ஓட்டு.

தம்பி (7:46): இது நிஜமா ஆயில்தானான்னு எப்படி உறுதி பண்றது?

கோவை மாமா (7:50): டப்பால இருக்கற பசையை நியூஸ் பேப்பர்ல தடவி வெயில்ல வை. காஞ்ச பிறகும் பஜ்ஜி வெச்ச பேப்பர் மாதிரி ஒளி ஊடுருவினா ஆயில். ஒத்துவராத ரெண்டு கூலன்ட் கலந்தாலும் பழுப்பா சேறு வரும், அதுல இந்தக் கறை இருக்காது. அடுத்து டிப்ஸ்டிக் ஆயில் ரெண்டு சொட்டைப் பழைய கரண்டில விட்டு அடியில சூடு காட்டு. கடுகு மாதிரி பொரிஞ்சா தண்ணி இருக்கு. கண்ணாடி போட்டுக்க.

சேலம் சித்தப்பா (7:55): ராத்திரி முழுக்க நிக்க விட்டு காலைல சேம்பர் (இன்ஜினுக்கு அடியில இருக்கற ஆயில் தொட்டி) நட்டை அரைச் சுத்து லூஸ் பண்ணு, கழட்டிடாதே. கூலன்ட் ஆயிலை விட கனம், கலங்காத கூலன்ட் அடியில தங்கியிருந்தா அதுதான் முதல்ல வரும்.

கோவை மாமா (8:02): இப்ப மெக்கானிக்கிட்ட சொல்ல வேண்டியது. 1) பிளாக் டெஸ்டர், கூலன்ட்டுக்குள்ள எரிஞ்ச வாயு வருதான்னு பாக்கற கருவி. நீல திரவம், டப்பா வாய்ல வெச்சு இன்ஜின் சூடா ஓடறப்ப காத்தை இழுக்கணும். பச்சையாவோ மஞ்சளாவோ மாறினா ஹெட் பேக்கிங், இல்ல ஹெட் விரிசல். டப்பால கூலன்ட்டைக் கொஞ்சம் இறக்கிட்டுத்தான் பண்ணணும், திரவத்துல கூலன்ட் ஏறினா டெஸ்ட் வீண். டீசல்ல நிறம் மாறலைங்கறதை மட்டும் வெச்சு முடிவு கட்டக்கூடாது. 2) இன்ஜின் ஆறின பிறகு கூலன்ட் சிஸ்டத்துக்குக் கை பம்ப்ல பிரஷர். மூடி மேல போட்டிருக்கற அளவுக்கு மேல வேண்டாம், 20 நிமிஷம் முள்ளு இறங்குதான்னு பாக்கணும்.

சேலம் சித்தப்பா (8:06): முள்ளு இறங்கி வெளிய எங்கயும் ஈரம் இல்லைன்னா, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி க்ளோ பிளக் (சிலிண்டருக்குள்ள சூடேத்தற பிளக்) ஓட்டை வழியா கேமரா விட்டு பிஸ்டன் தலையைப் பாருங்க. சிலிண்டர்ல கூலன்ட் நின்னுட்டு செல்ஃப் அடிச்சா கனெக்டிங் ராடு வளைஞ்சிரும்.

அத்தை (8:10): சூடா இருக்கறப்ப மூடியைத் திறக்காதே கண்ணு

கோவை மாமா (8:11): 👏 உங்க அத்தை சொன்னதுதான் முதல் விதி.

*ஞாயிற்றுக்கிழமை*

தம்பி (மதியம் 12:20): பேப்பர்ல எண்ணெய்க் கறை. கரண்டில நல்லா பொரிஞ்சுது. திரவம் நீலமாவே இருக்கு. பிரஷர் 1.1 வெச்சோம், 20 நிமிஷத்துல 0.8. வெளிய காய்ஞ்சு கிடக்கு, 3 மணி நேரம் விட்டு கேமரா விட்டோம், நாலு பிஸ்டனும் காய்ஞ்சுதான் இருக்கு.

கோவை மாமா (12:24): ஆயில் கூலரைக் கழட்டச் சொல்லு. ஆயில் ஓட்டை ஒண்ணை அடைச்சு, இன்னொண்ணுல ரெகுலேட்டர் வழியா 3 பார் காத்து, கூலரை வெந்நீர் வாளில முக்கணும். டியூப் பஞ்சர் பாக்கற மாதிரிதான். தகடு சூட்டுல விரிஞ்சாத்தான் சில ஓட்டை காட்டும், அதான் வெந்நீர்.

தம்பி (3:45): கூலன்ட் ஓட்டைல இருந்து குமிழி!! 😮

சேலம் சித்தப்பா (3:48): ஹெட் பேஸிங் (ஹெட்டை மட்டமா சீவறது), புது ஹெட் போல்ட், பேக்கிங் செலவெல்லாம் மிச்சம்டா.

கோவை மாமா (3:55): கூலரைப் பொடி வெச்சு அடைக்க விடாதே, புதுசா போடு. கேஸ்கெட், ஓ-ரிங் எல்லாமே புதுசு. ஃபில்டர் மாத்தி விலை குறைஞ்ச மினரல் ஆயில் ஊத்தி, 10 நிமிஷம் ஐடில்ல மட்டும் ஓட்டி இறக்கு. பால் நிறம் போற வரைக்கும் அதையே திருப்பிப் பண்ணு. ஒரு தடவைக்கு 3 லிட்டர் சொச்சம், கஞ்சத்தனம் பாக்காதே. டீசல், மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவறேன்னு யாராவது சொன்னா சாவியைப் பிடுங்கிட்டு வா.

கோவை மாமா (3:58): கூலன்ட் பக்கம்தான் நிஜமான வேலை. பாத்திரம் கழுவற மெஷின் பவுடரை வெந்நீர்ல கரைச்சு ஊத்தி, ஹீட்டரை முழு சூட்டுல வெச்சு, தெர்மோஸ்டாட் திறக்கற வரைக்கும் ஓட்டி இறக்கணும். சிங்க்ல வைக்கற சோப்பு வேண்டாம், நுரை தள்ளிரும். பவுடர் தண்ணியை உள்ள தங்க விடாதே, அலுமினியத்தை அரிக்கும். வெறும் தண்ணில தெளிவா வர்ற வரைக்கும் அலசு. மூணு நாலு தடவை ஆகும்.

தம்பி (4:02): ஹோஸ்?

கோவை மாமா (4:04): அமுக்கிப் பாரு, கொழகொழன்னு ஊதியிருந்தா மாத்து. ரப்பர் ஆயில் குடிச்சா திரும்ப இறுகாது. டப்பா மூடியும் புதுசு. கடைசியா புத்தகத்துல போட்டிருக்கற கூலன்ட், டிஸ்டில்ட் வாட்டரோட பாதிக்குப் பாதி. போர் தண்ணி வேண்டாம்.

சேலம் சித்தப்பா (4:09): நல்ல ஆயில் ஊத்தினப்புறம் 500 கி.மீ.ல மறுபடி ஆயிலும் ஃபில்டரும் மாத்து. மூலைல ஒட்டியிருக்கறது அப்பத்தான் வெளிய வரும். அதுவரைக்கும் தினம் காலைல டிப்ஸ்டிக் பாரு. ஓட்டறப்ப ஆயில் லைட் மினுக்கினா அங்கயே ஆஃப் பண்ணு.

அத்தை (4:15): வெள்ளிக்கிழமை பழனிக்கு இந்த வண்டிலதானே?

கோவை மாமா (4:16): பஸ்ல போங்க அக்கா.